காளான் வெளிச்சத்தில் உணவு தயாரிக்குதா? மகளின் கேள்விக்கு விளக்கம் வேணும்

காளான்குடில்:
வணக்கங்க. கோபி பக்கம் வீட்டுக்குப் பின்னாடி கீற்றுக் குடில் போட்டு நாலு வருசமா சிப்பிக் காளான் வளர்க்கிறேன். மகள் பாடத்தில் ஆட்டோட்ராஃப் (தானே உணவு தயாரிப்பது), ஹெட்டிரோட்ராஃப் (உணவுக்குப் பிறதைச் சார்ந்திருப்பது), சாப்ரோட்ராஃப்னு (மட்கினதில் இருந்து சத்து எடுப்பது) வந்திருக்கு. காளான் சாப்ரோட்ராஃப், தானே உணவு தயாரிக்காதுன்னு படிச்சுட்டு நேரா குடிலுக்கே வந்து கேட்டாள்: "அப்புறம் எதுக்கும்மா வெளிச்சம் காட்டுறே?"

வித்துப் போட்ட பைகளை முதல் இருபது நாள் இருட்டறையில் வைப்போம். காளானோட வெள்ளைப் பூசண இழை பை முழுக்கப் பரவினதும் வெளிச்சம் உள்ள அறைக்கு மாத்துவோம். மாத்தாம விட்டால் தண்டு நீண்டு, குடை சிறுத்துப் போகும். எனக்குச் செய்யத் தெரியுது, காரணம் சொல்லத் தெரியலை.

இன்னொன்னு. ஒரு பையில் பச்சைப் பூஞ்சை விழுந்திருந்தது. "பச்சையா இருக்கே, இதாவது ஆட்டோட்ராஃபா?"ன்னாள். அதுவுமில்லாம என் பழைய நோட்டில் 'சாப்ரோஃபைட்'னு எழுதி வெச்சிருக்கேன். எது சரிங்க?

பழைய_தாவரவியல்_வாத்தியார்:
அம்மா, உங்க மகள் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. வெளிச்சம் காளானுக்குச் சாப்பாடு இல்லை, சேதி. வைக்கோலுக்குள்ளே பூசண இழை எவ்வளவு தூரம் போனாலும் இருட்டுதான். வெளிச்சம் பட்டால், குறிப்பா அதில் உள்ள நீல ஒளி பட்டால், வெளியே வந்துட்டோம், இங்கே குடை விரிச்சால் வித்துகள் காற்றில் பறக்கும்னு அதுக்குத் தெரியும். சாப்பாடு முழுக்க வைக்கோல்தான். இழை நொதிகளை வெளியே விட்டு வைக்கோலைக் கரைக்கும், கரைஞ்சதை உறிஞ்சும். நாம விழுங்கிட்டுச் செரிக்கிறோம், அது செரிச்சுட்டு உள்ளே எடுக்குது.

தண்டு நீள்வதுக்கு வெளிச்சக் குறைவு மட்டும் காரணமில்லை. காளானும் நம்மளை மாதிரி மூச்சு விடுது. அடைச்ச அறையில் கரியமில வாயு சேர்ந்தாலும் தண்டு நீளும். காற்றோட்டத்தையும் பாருங்க.

பச்சைப் பூஞ்சை பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா. வேர் அழுகலுக்கு எருவில் கலந்து போடுறோமே விரிடி, அந்த இனம். அந்தப் பச்சை அதன் வித்துகளின் நிறம், பச்சையம் இல்லை. அதுவும் ஹெட்டிரோட்ராஃப்தான்.

இப்போ சொல்லுக்கு வர்றேன். கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' தான், 'ஹெட்டரோஸ்' பிற, 'சாப்ரோஸ்' அழுகியது. 'ஃபைட்டான்' செடி. காளானைச் செடி வகையில் சேர்த்திருந்த காலத்தில் சாப்ரோஃபைட்னு சொன்னாங்க. பூஞ்சைகளைத் தனி உலகமாப் பிரிச்ச பிறகு அந்தச் செடி பொருந்தலை. அதனால் 'ட்ரோஃபே' வந்தது. உங்க நோட்டு அந்தக் காலத்துக்குச் சரி, மகளின் புத்தகம் இன்றைக்குச் சரி.

இந்த 'ட்ரோஃபே'யில்தான் எனக்குத் தனிப் பிரியம். அதுக்குத் தின்பதுன்னு பொருள் இல்லை. பிள்ளையை ஊட்டி வளர்க்கிற வினையிலிருந்து வந்த சொல். தின்பவனுக்குக் கிரேக்கத்தில் 'ஃபாகோஸ்'. நம்ம மொழியிலும் உண் வேறு, ஊட்டு வேறு. 'உண்ணி'ன்னு முடிச்சால் ஃபாகோஸ், 'ஊட்டம்'னு சொன்னால் ட்ரோஃபே. அதனால் சாப்ரோட்ராஃபை மட்குண்ணி, சாறுண்ணின்னு எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். மாமரம் எதையும் உண்பதில்லை, ஆனால் ஊட்டம் உண்டு. ஆட்டோட்ராஃப் முறைக்குத் தற்சார்பு ஊட்டம்ங்கிற சொல் எவ்வளவு அழகாப் பொருந்துது பாருங்க.

மகளிடம் இதையும் சொல்லுங்க: தானே உணவு தயாரிக்க வெளிச்சம் வேணும்னு கட்டாயமில்லை. 1977-இல் பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகள் பக்கம் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ராட்சதக் குழாய்ப்புழுக்களைப் பார்த்தாங்க. அதுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் குடியிருக்கிற பாக்டீரியா, ஹைட்ரஜன் சல்ஃபைடில் இருந்து ஆற்றல் எடுத்து உணவு தயாரிச்சுப் புழுவுக்குக் கொடுக்குது. ஊட்டுவதுன்னா இதுதானே!

வடமராட்சி:
ஐயா, யாழ்ப்பாணத்தில் நாங்கள் தற்போசணி, பிறபோசணி என்றுதான் படித்தோம். போசணை என்றாலும் ஊட்டம்தான். சாப்ரோட்ராஃபுக்கு எங்களிடம் அழுகல்வளரி. அதில் உண்ணி இல்லை, கவனித்தீர்களா?

பழைய_தாவரவியல்_வாத்தியார்:
வளரி! மனசு நிறைஞ்சுதுங்க. இனி நானும் அப்படியே எழுதுறேன்.

நுண்ணோக்கி:
சிப்பிக் காளான் வைக்கோலோடு நிற்பதில்லைங்க. மட்கும் மரத்திலும் வைக்கோலிலும் தழைச்சத்து குறைவு. அதனால் நூற்புழு (நூல் போன்ற மிக நுண்ணிய புழு) இழையைத் தொட்டால் நஞ்சால் செயலிழக்க வைத்து, அதன் உடலுக்குள் இழை விட்டுச் சத்தை எடுத்துக்கொள்ளும். 1984-இல் கனடா ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். அதே உயிரி, ஒரு பக்கம் அழுகல்வளரி, மறுபக்கம் வேட்டையாடி.

காளான்குடில்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து சாயங்காலம் மூணு அறுவடை முடிஞ்ச பை ஒன்னை மகள் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். போடும்போது மஞ்சளா, முறுக்கா இருந்த வைக்கோல் வெளுத்துப் போய், விரலில் தேய்ச்சாலே பொடியாச்சு. பையும் எடையே இல்லாம இருந்தது. "இவ்வளவையும் சாப்பிட்டிருக்கா!"ன்னாள். மேற்குச் சுவரில் ரெண்டு ஜன்னல் கூடுதலா வைக்கச் சொல்லிட்டேன். நூற்புழு விஷயத்தைப் படிச்சுக் காட்டினதும் ஒரு பிடி வைக்கோலை டப்பாவில் எடுத்து வெச்சிருக்காள், திங்கட்கிழமை பள்ளி நுண்ணோக்கியில் பார்க்கணுமாம்.