சர்வேல 2.9% பாசிட்டிவ்னா 2.9% பேருக்கு கோவிட் வந்துருச்சுன்னு சொல்ல முடியாதா?

கேள்வி – புதுமாணவி
பொது சுகாதாரம் படிக்கிறேன். கிளாஸ்ல ஒரு கணக்கு, 1000 பேர் ரத்தத்துல கோவிட் ஆன்டிபாடி பாத்தா 29 பேருக்கு பாசிட்டிவ், டெஸ்ட் சென்சிடிவிட்டி (வந்தவங்கள சரியா பிடிக்கறது) 90%, ஸ்பெசிஃபிசிட்டி (வராதவங்கள சரியா நெகட்டிவ்னு காட்டறது) 98%. நான் 2.9%னு எழுதினேன், தப்பாம், 1% கிட்டதானாம். டெஸ்டே பாசிட்டிவ்னு சொல்றப்போ நாம ஏன் குறைக்கணும்? ரெண்டு நாளா மண்டைய குடையுது.

பதில் – லேப்வாசி
கடைசி ரெண்டு நம்பர்லதான் விஷயமே இருக்கு. நிஜமா 10 பேருக்கு வந்து போயிருக்குன்னு வச்சுக்கோங்க, அதுல 9 பேரை டெஸ்ட் பிடிக்கும். மிச்சம் 990 பேருக்கு வரவே இல்ல, ஆனா அதுல 2%, கிட்டத்தட்ட 20 பேருக்கு தப்பா பாசிட்டிவ் காட்டும். 9ம் 20ம் சேந்து 29, அப்போ உங்க பாசிட்டிவ்ல மூணுல ரெண்டு பங்கு பொய். ரோகன்-கிளாடென் ஃபார்முலா இதைத்தான் சரிபண்ணுது: (0.029 + 0.98 − 1) ÷ (0.90 + 0.98 − 1), விடை 1.02%. பரவல் கம்மியா இருக்கறப்போதான் இப்படி கூட்டிக் காட்டும், இதே டெஸ்ட்ல நிஜமா 50% பேருக்கு வந்திருந்தா 46%னு குறைச்சுக் காட்டும், போட்டுப் பாருங்க.

பதில் – களப்பணி
கணக்கு சரி, ஆனா யார்கிட்ட, எப்போ ரத்தம் எடுத்தாங்கன்னு கேக்காம எந்த சதவீதத்தையும் நம்பாதீங்க, இதை நான் அழுத்தியே சொல்வேன். பிரேசில்ல மனாவுஸ் நகரத்துல 2020ல ரத்ததானம் பண்ணவங்ககிட்ட மாசாமாசம் பாத்தாங்க, ஜூனுக்கு அப்புறம் பாசிட்டிவ் இறங்கிக்கிட்டே வந்துச்சு. நோய் வந்து போனவங்க எண்ணிக்கை எப்படிங்க குறையும், ரத்தத்துல ஆன்டிபாடி வடிஞ்சு போச்சு, அவ்ளோதான். அதை சரிகட்டி அக்டோபருக்குள்ள 76% பேருக்கு வந்து போயிருக்கும்னு கணிச்சாங்க, அவ்ளோ பேருக்கு வந்திருந்தா அலை அடங்கணும், ஆனா 2021 ஜனவரில அங்க ரெண்டாவது அலை பயங்கரமா அடிச்சுது. ரத்தம் குடுக்க வர்றவங்க வயசு வந்த, ஆரோக்கியமான ஆளுங்க, ஊருக்கே அவங்கள வச்சு கணக்கு போடறது கஷ்டம். ஸ்பெயின்ல குலுக்கல் முறைல வீடுகள தேர்ந்தெடுத்து 60,000 பேருக்கு மேல பாத்தாங்க, 2020 வசந்தகாலத்துல வெறும் 5% கிட்டதான் வந்துச்சு, அதுல மூணுல ஒருத்தருக்கு எந்த அறிகுறியும் இல்ல. இவங்க எந்த ஆஸ்பத்திரி கணக்குலயும் வந்திருக்கவே மாட்டாங்க, சர்வே எடுக்கறதே அதுக்குத்தான்.

புதுமாணவி
ரொம்ப நன்றிங்க, 46%ம் போட்டுப் பாத்துட்டேன், சரியா வருது. தடுப்பூசி போட்டவங்களுக்கும் ஆன்டிபாடி இருக்குமே, அதை எப்படி பிரிக்கிறாங்க?

பதில் – லேப்வாசி
நிறைய தடுப்பூசி வைரஸ் மேல முள்ளு மாதிரி இருக்கற ஸ்பைக் புரதத்துக்கு மட்டும்தான் ஆன்டிபாடி உண்டாக்கும், அதனால வைரஸுக்கு உள்ள இருக்கற நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு ஆன்டிபாடி இருந்தா அது தொற்றுல வந்ததுன்னு எடுத்துக்கலாம். ஆனா செயலிழக்க வச்ச முழு வைரஸ் தடுப்பூசி போட்டவங்களுக்கு ரெண்டுமே வரும், அங்க இந்த வழி எடுபடாது.