பிரீகண்டிஷன்: முன்தொடரா, முன்நிபந்தனையா, முன்னுறுதியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தில் காற்புள்ளியோடு வரும் துணைத்தொடரையும், கணினி நிரலில் வரும் பிரீகண்டிஷனையும் (ஒரு நிரல்துண்டு தொடங்கும் முன்பே மெய்யாக இருக்க வேண்டியது) சேர்த்து 'முன்தொடர்' என்றே சொல்லிவிடலாம் என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை.

முதலாவது வெறும் இடம் சார்ந்த விஷயம். 'மழை பெய்தால்' என்பதை ஆங்கிலத்தில் முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். தமிழில் எச்சம் இயல்பாகவே முடிக்கும் வினைக்கு முன்னால்தான் வரும். நன்னூல் 'செயின்' (செய்தால்) வாய்பாட்டை வினையெச்சங்களோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறது. நமக்கு அதுவே போதும்.

பிரீகண்டிஷன் அப்படியல்ல. 1969இல் கணினி அறிஞர் டோனி ஹோர் வகுத்தபடி, நிரல்துண்டு தொடங்கும்போது இன்னது மெய்யாக இருந்து, ஓட்டமும் முடிந்தால், முடிவில் இன்னது மெய்யாக இருக்கும். தொடக்கத்தில் அது மெய்யாக இல்லையென்றால்? எந்த வாக்குறுதியும் கிடையாது.

இருமத் தேடலையே (பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே தேடும் முறை) எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வரிசையில் இருக்க வேண்டும். கலைந்த பட்டியலைக் கொடுத்தால், இருக்கிற எண்ணையே இல்லை என்று சாதிக்கக்கூடும், பிழைச்செய்திகூட வராது. சரி, உள்ளே ஒரு இஃப் ('இப்படி இருந்தால் இதைச் செய்' என்னும் கட்டளை) போட்டு, பட்டியல் வரிசையில் இருக்கிறதா என்று சோதிக்கலாமே என்றால், பத்து லட்சம் எண்களில் சுமார் 20 ஒப்பீட்டில் முடிகிற தேடலுக்காகப் பட்டியல் முழுவதையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அப்புறம் இருமத் தேடல் எதற்கு? ஆக, பட்டியலை வரிசைப்படுத்தித் தருவது அழைப்பவர் (அந்தத் தேடலைத் தன் நிரலில் பயன்படுத்துபவர்) பொறுப்பு.

இதனால்தான் 'முன்நிபந்தனை'யிலும் எனக்குத் தயக்கம். இஃப்-ஐ 'நிபந்தனைக் கூற்று' என்று சொல்லிப் பழக்கிவிட்டோம். முன்நிபந்தனை என்றதும் செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) முதல் வரியில் எழுதும் இஃப் என்றுதான் மாணவர் நினைப்பார். (வாடகை ஒப்பந்தத்தில் வரும் நிபந்தனை என்ற பொருள் மட்டும் இருந்திருந்தால் அருமையான சொல்!)

என் பரிந்துரை: பிரீகண்டிஷனுக்கு முன்னுறுதி, முடிவில் மெய்யாக இருக்க வேண்டிய போஸ்ட்கண்டிஷனுக்குப் பின்னுறுதி. அழைப்பவர் தருவது முன்னுறுதி. செயற்கூற்று திருப்பித் தருவது பின்னுறுதி. பெர்ட்ரண்ட் மேயர் தாம் உருவாக்கிய ஐஃபெல் என்ற நிரல்மொழியில் இவ்விரண்டையும் ஒப்பந்தத்தின் இரு பக்கங்களாகத்தான் வைத்தார். பெயரிலேயே யார் பொறுப்பு என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

'அசெர்ட்'டுக்கும் (ஒன்று மெய்தானா என்று நிரல் ஓடும்போது சோதிக்கும் கட்டளை) உறுதி என்ற சொல் வருகிறதே, குழம்பாதா என்று கேட்கலாம். முன்னுறுதியைச் சோதிக்கப் பலரும் பயன்படுத்துவதே அசெர்ட்தான். ஒரே வேரிலிருந்து வந்தால் நல்லதுதானே.

ஐஃபெல் ஒப்பந்தத்தின் மூன்றாவது அங்கமான இன்வேரியன்டுக்கு (மாறாமல் மெய்யாக இருக்க வேண்டியது) 'நிலையுறுதி' என்று வைத்திருக்கிறேன். அதில் எனக்கே அரைமனதுதான். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.