கால்வாய்ப் படகு லைசென்ஸ்: யார் எவ்வளவு கட்டுவது, அந்தக் காசு எதற்குப் போவது?

தூர்வாரி:
இங்கிலாந்துக் கால்வாய்களில் படகு வைத்திருக்கும் தமிழர்கள் இங்கே நாலைந்து பேராவது இருக்கிறோம், அதனால் இதை இங்கேயே பேசிவிடலாம். விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 2,000 மைல் கால்வாய்களையும் ஆறுகளையும் 2012இலிருந்து பார்த்துக்கொள்வது கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. அதற்கு முன்னால் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனம் பார்த்தது. படகு விட வருட லைசென்ஸ் வாங்க வேண்டும், கட்டணம் முக்கியமாகப் படகின் நீளத்தைப் பொறுத்தது. 2024 ஏப்ரலில் எல்லோருக்கும் 6% ஏற்றினார்கள். அதோடு, நிரந்தரமாகக் கட்டுமிடம் இல்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும் படகுகளுக்கு இன்னொரு 5% போட்டார்கள். அது வருடத்துக்கு ஐந்தைந்தாக ஏறி 2028இல் 25% ஆகும். அகலப் படகுகளுக்கு முன்பே இருந்த கூடுதலும் ஏறிக்கொண்டிருக்கிறது.

நகரும் படகுகளுக்குப் போட்ட கூடுதல் சரிதான் என்கிறேன். நான் நடு இங்கிலாந்தில், மிட்லண்ட்ஸ் பகுதியில், ஒரு மரினாவில் (கால்வாயை ஒட்டி வாடகைக்குப் படகு நிறுத்துமிடம்) 57 அடி நேரோபோட் (ஏழடிக்குள் அகலமுள்ள ஒடுக்கமான படகு) வைத்திருக்கிறேன். லைசென்ஸ் கட்டுகிறேன், மரினா வாடகையும் கட்டுகிறேன், கால்வாயோடு இணைந்திருப்பதற்காக மரினா தன் வருமானத்தில் 9% டிரஸ்டுக்குக் கொடுக்கிறது, அதுவும் என் வாடகையிலிருந்து போவதுதான். வருடத்தில் பத்து மாதம் என் படகு கால்வாயில் இல்லை. 365 நாளும் கரையில் கட்டி, அங்கேயே தண்ணீர் பிடித்து, கழிவு கொட்டி, குப்பை போடுகிறவர் அதே தொகை கட்டினால் அது சமமா?

இன்னொன்று, வசூலாகும் காசு முதலில் தூர் வாரவும் லாக் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) கதவுக்கும் தண்ணீருக்கும் போக வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஓடும்வீடு:
தூர்வாரி அண்ணா, கடைசி வரியை அப்படியே ஏற்கிறேன். முதல் பாதியை ஏற்க மாட்டேன்.

1995ஆம் வருடச் சட்டம் லைசென்ஸுக்கு இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, படகைக் கட்ட ஓர் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும், ஓர் இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. இரண்டாவது வழி மட்டமானது என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. இதில் ஒன்றுக்கு மட்டும் 25% கூடுதல் போட்டால், சட்டம் கொடுத்த வழிக்கு அபராதம் விதித்த மாதிரிதானே?

நீங்கள் மரினாவுக்குக் கட்டுவது கால்வாய்க்கு இல்லை. மிதவைத் துறை, கரண்ட் இணைப்பு, வண்டி நிறுத்த இடம், ராத்திரி பூட்டுகிற கதவு, இவற்றுக்குக் கட்டுகிறீர்கள், உங்களுக்குக் கிடைக்கிறது. எனக்குக் கிடைப்பது ஒரு புல் கரையும் நான் அடித்து இறக்குகிற இரண்டு இரும்பு முளையும். ஜனவரியில் இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வருகிறேன், அன்று பதினாலாவது நாள் என்றால் தூங்கப் போக முடியாது. அடுப்பில் கரி போட்டு, கயிற்றை அவிழ்த்து, உறைந்துபோன லாக் கைப்பிடியைச் சுற்றி, மூன்று மணி நேரம் ஓட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிய பிறகுதான் தூக்கம். லண்டனில் ஓர் அறை வாடகைக்கே என் சம்பளம் சரியாகப் போய்விடும் என்பதால்தான் இந்த வாழ்க்கைக்கு வந்தேன். காப்பீடு, நான்கு வருடத்துக்கு ஒரு முறை பாதுகாப்புச் சான்றிதழ், டீசல், கரி எல்லாம் நானும் கட்டுகிறேன். 300 பவுண்டு கூடினால் உங்களுக்கு ஒரு விடுமுறை குறையும். எனக்கு அது குளிர்காலத்துக் கரி.

தூர்வாரி:
சிரமம் புரிகிறது தம்பி, அதைச் சின்னதாக்கிப் பேசவில்லை. ஆனால் வருமானம் குறைவு என்பது சலுகைக்கான காரணம், அதற்குத் தனியாக ஒரு சலுகை கேளுங்கள், நானும் ஆதரிக்கிறேன். நகர்கிற எல்லோருமே ஏழைகள் இல்லை, ஓய்வுபெற்று வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவர்களும் நிறையப் பேர். கட்டணம் பயன்பாட்டைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

ஓடும்வீடு:
பயன்பாடு என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஒரு குறுகிய லாக்கை ஒரு முறை நிரப்பி வடித்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கீழே போகிறது. உள்ளே இருப்பது என் படகா உங்கள் படகா என்று அதற்குத் தெரியாது. தண்ணீர் தட்டுப்பாடு வருவது கோடையில், மரினா படகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வருவதும் கோடையில்தான். நான் அதிகம் நகர்வது மழைக்காலத்தில், அப்போது தண்ணீர் கரை வழிந்து வீணாகப் போய்க்கொண்டிருக்கும்.

அகலத்தளம்:
நான் யார்க்‌ஷயரில், லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயில் 12 அடி அகலப் படகில் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்களைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள், எங்களுக்கும்தான் ஏறுகிறது.

தூர்வாரி:
அகலம் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, மன்னியுங்கள். 57 அடி நேரோபோட் 6 அடி 10 அங்குல அகலம், சுமார் 390 சதுர அடி. அதே நீளத்தில் 12 அடி அகலம் என்றால் 684 சதுர அடி. முக்கால் மடங்கு அதிக இடம். அகன்ற லாக்கில் இரண்டு நேரோபோட் பக்கம் பக்கமாகப் போகும், உங்களுடையது தனியாகத்தான் போக முடியும். 2024க்கு முன்பு இதற்கெல்லாம் சேர்த்துக் கூடுதல் 20%தான். நீளத்தை விட்டுவிட்டுப் பரப்பளவுக்குக் கட்டணம் என்று வைத்தால் இந்தச் சண்டையே இருக்காது.

அகலத்தளம்:
பரப்பளவைச் சொல்கிறீர்கள், வழியைச் சொல்லவில்லையே. மிட்லண்ட்ஸின் லாக்குகள் ஏழடி அகலம். என் படகு அங்கே நுழையவே முடியாது. வடக்கிலிருந்து தெற்கே தண்ணீர் வழியாக நான் வர முடியாது, லாரியில் ஏற்றித்தான் வர வேண்டும். நீங்கள் ஏறக்குறைய எல்லாக் கால்வாயிலும் போகலாம், எனக்குத் துண்டு துண்டாகச் சில. ஆறுகளில் மட்டும் போகிறவர்களுக்கு முழுக் கட்டணத்தில் 60% என்று 1983 சட்டத்திலேயே இருக்கிறது, அதாவது போகக்கூடிய வழியைப் பார்த்து விலை என்பது அன்றே ஒப்புக்கொண்ட கொள்கை. 2025 கோடையில் வறட்சி வந்து எங்கள் கால்வாயில் நீண்ட தூரம் மூடிவிட்டார்கள். நேரோபோட் வைத்திருப்பவர்களுக்காவது வேறு கால்வாய் இருந்தது. பரப்பளவுக்குக் கட்டச் சொன்னால் கட்டுகிறேன், எனக்கு மூடியிருக்கும் வழிகளைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தூர்வாரி:
இது நான் யோசிக்காத பக்கம். சரி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பரப்பளவு, அதோடு போகக்கூடிய வழி, இரண்டையும் சேர்த்துக் கணக்கிடலாம்.

மரக்கதவு:
நான் ஓய்வுபெற்ற பொறியியலாளர், கோடையில் ஒரு லாக்கில் தன்னார்வலராக நிற்கிறனான். ஊரில் இருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல். நீங்கள் மூவரும் கட்டணத்தையே கதைக்கிறீர்கள், செலவைக் கதைக்க ஆளில்லை.

குளிர்காலப் பராமரிப்பின்போது தண்ணீரை வடித்துவிட்டு லாக்குக்குள்ளே பொதுமக்களை இறங்கவிடும் நாட்கள் உண்டு. ஒரு முறையாவது போய்ப் பாருங்கோ. இருநூறு வருடத்துக் கல்லும் செங்கலும் பாசி பிடித்து இரண்டு பக்கமும் சுவராக நிற்கும், மேசன் ஒருவர் முழங்காலில் இருந்து சுண்ணாம்புச் சாந்தால் இடுக்கு அடைத்துக்கொண்டிருப்பார். கதவு ஓக் மரம், பல டன் எடை. இரண்டு லாக் ஒரே அளவில் இல்லாதபடியால் ஒவ்வொரு கதவையும் தனியாக அளந்து செய்ய வேண்டும். வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஃபெரியிலும், மேற்கு மிட்லண்ட்ஸில் பிராட்லியிலும் உள்ள பட்டறைகளில் செய்கிறார்கள். ஒரு கதவு இருபது இருபத்தைந்து வருடம் உழைக்கும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அடுத்த வருடம் இரண்டு கதவு, அதற்கடுத்த வருடம் சுவரும் சேர்ந்து போகும்.

அதைவிடப் பெரிய செலவு ஏரிகள். கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் பழைய நீர்த்தேக்கங்கள் எழுபதுக்கு மேல் டிரஸ்டின் பொறுப்பில். 2019 ஆகஸ்டில் டாட்புருக் ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கல் பெயர்ந்தது ஞாபகம் இருக்கும். கீழே இருந்த வேலி பிரிட்ஜ் ஊரில் 1,500 சனத்தை வெளியேற்றி, விமானப்படை சினூக் ஹெலிகாப்டரில் கல்மூட்டை கொண்டுவந்து போட்டது. அந்த ஏரியைத் திருத்துகிற காசைப் படகுக்காரரின் லைசென்ஸில் இருந்து எடுப்பதா? கீழே இருக்கிற ஊரின் உயிர்ப் பாதுகாப்பு அது. அது அரசாங்கத்தின் வேலை.

கணக்கன்:
படகு இல்லை, பக்கத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் கணக்கு பார்த்தேன், போடாமல் இருக்க முடியவில்லை.

நகரும் படகுகள் ஏழாயிரம் என்று வைத்துக்கொள்வோம், ஒன்றுக்குச் சராசரி 1,200 பவுண்டு லைசென்ஸ். தோராயம்தான். 25% என்றால் 300 பவுண்டு, மொத்தம் 21 லட்சம் பவுண்டு. இனி அடுத்த பக்கம்: இப்போதைய அரசு மானிய ஒப்பந்தம் 2027இல் முடிகிறது. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு 2023 ஜூலையில் அறிவித்தது என்னவென்றால், முதல் வருடம் 5 கோடி பவுண்டு, பிறகு வருடத்துக்கு 5% குறையும். அதாவது முதல் குறைப்பே 25 லட்சம். ஓடும்வீடு போன்றவர்களிடம் ஐந்து வருடமாக ஏற்றி ஏற்றி வாங்குவது முழுவதும் மானியத்தின் ஒரே ஒரு வருடச் சரிவுக்குக்கூடப் போதாது. பத்தாவது வருடம் மானியம் 3.15 கோடிக்கு வந்துவிடும், விலைவாசி ஏற்றத்தைக் கழிக்காமலே.

டிரஸ்டின் மொத்த வருமானம் 20 கோடிக்கு மேல், அதில் எல்லாப் படகு லைசென்ஸும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். அந்தப் பத்தில் ஒன்றுக்குள்ளே நீங்கள் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

கரைநடை:
நான் லண்டனில், ஆல்பர்டனில் இருக்கிறேன். கோவிலுக்குப் போகும்போதும் காலையில் நடக்கும்போதும் கால்வாய்க் கரைப்பாதைதான். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற அம்மாக்கள், தூண்டில் போடுகிற தாத்தாக்கள் என்று படகுக்காரர்களைவிட எங்கள் கூட்டம் எத்தனையோ மடங்கு அதிகம். தூண்டில்காரர்கள் அனுமதிச்சீட்டு வாங்குகிறார்கள், நாங்கள் ஒரு பென்ஸும் கொடுப்பதில்லை. கேட் போட்டு டிக்கெட் வைத்தால் அந்தப் பாதை செத்துவிடும், அது வேண்டாம். ஆனால் கவுன்சில் வரியிலோ மத்திய வரியிலோ கொஞ்சம் எடுத்தால் நான் மறுக்க மாட்டேன். பூங்காவுக்குக் கொடுக்கிறோமே.

தூர்வாரி:
கணக்கன் சொன்னதை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தொகை சிறியது என்பதால் அது நியாயமில்லை என்று ஆகிவிடாது. மானியம் முழுதாக வந்தாலும் நகரும் படகு அதிகம் கட்ட வேண்டும் என்பேன்.

ஓடும்வீடு:
மானியம் முழுதாக வந்திருந்தால் இந்தக் கூடுதலே வந்திருக்காது. இத்தனை வருடமாக இல்லாத நியாயம் காசு குறைந்ததும்தானே வந்தது. லைசென்ஸ் முறை முழுவதையும் ஆராயத் தனி ஆணையமே வைத்தார்கள். அதை வைப்பதற்கு முன்பே ஒரு பிரிவுக்கு மட்டும் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

மரக்கதவு:
அப்ப ஒன்றுபட்ட இடத்தையாவது எழுதி எம்.பி.க்கு அனுப்புவோம். ஏரிப் பாதுகாப்புச் செலவை அரசு தனியாகக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் காசு முழுவதும் கதவு, தூர், தண்ணீர் என்று பயணத்துக்கே போக வேண்டும், அந்தக் கணக்கை ஒவ்வொரு கால்வாய்க்கும் வருடந்தோறும் வெளியிட வேண்டும்.

ஓடும்வீடு:
வரைவு நான் எழுதுகிறேன் ஐயா. நாளைக் காலை படகை நகர்த்த வேண்டும், நாளை இரவு போடுகிறேன். ஆனால் அதில் நகரும் படகுக்கான கூடுதலை நீக்கச் சொல்லும் ஒரு பத்தி இருக்கும்.

தூர்வாரி:
அந்தப் பத்தி இருந்தால் என் கையெழுத்து இருக்காது தம்பி. அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும், போக முடியாத வழிகளைக் கழிக்க வேண்டும் என்று அகலத்தளம் சொன்னதற்கும் சேர்த்து இன்னொன்று எழுதுங்கள், அதில் முதல் ஆளாகப் போடுகிறேன்.

ஓடும்வீடு:
சரி, இரண்டு கடிதம்.