செழியன்னு பேர் வைக்கலாமா? அர்த்தம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பையன் பொறந்திருக்கான், செழியன்னு வைக்கலாம்னு எனக்கும் மனைவிக்கும் ரொம்ப ஆசை. ஆனா மாமியார், அது கோவலனைக் கொன்ன பாண்டியன் பேராச்சே, ராசியில்லாத பேர்னு தயங்குறாங்க. இந்தப் பேரோட அர்த்தம் என்ன, எங்கேருந்து வந்துச்சு?

பதில் 1:
வாழ்த்துக்கள் சகோ! செழி, செழிப்பு, செழுமை எல்லாம் ஒரே வேர்தான், செழிப்பானவன்னு அர்த்தம் எடுத்துக்கலாம். மாறன், வழுதி மாதிரி இதுவும் பாண்டியருக்குப் பொதுவா வழங்குன பேர், ஒரே ஒரு ராஜாவோடது இல்ல. மதுரை பக்கத்துல மாங்குளம் குகைக் கல்வெட்டுல, சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர் தன்னை நெடுஞ்செழியனோட பணியாள்னு சொல்லிக்கிறார், 2000 வருஷத்துக்கு முந்தின தமிழி எழுத்து (பழைய தமிழ் எழுத்து வடிவம்) அது. வேற எத்தனை பேருக்கு இப்படி கல்லுலயே சாட்சி இருக்கும் சொல்லுங்க!

பதில் 2:
அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க தம்பி. சிலப்பதிகாரத்துல வர்றவர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், தீர்ப்பு தப்புன்னு தெரிஞ்சதும் "யானே கள்வன்"னு சொல்லி அங்கேயே உயிரை விட்டவர், அதிகாரத்துல இருக்குற எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? புறநானூறு 183ஆம் பாட்டும் அவர் பேர்லதான் இருக்கு, "பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே"ன்னு வாத்தியாருக்கு உதவி செஞ்சாவது படின்னு சொல்லிட்டு, கீழ்ப்பால்ல, அதாவது தாழ்ந்ததா நினைக்கிற குலத்துல பொறந்தவன் படிச்சா மேற்பால்காரனும் அவன்கிட்ட வந்துதான் ஆகணும்னு முடிக்கிறார், ஒரு ராஜா சொன்னது இது! குழந்தைக்கு இதைவிட நல்ல பேர் வேணுமா.

பதில் 3:
தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை விட்டுட்டீங்களே. சேரன், சோழன், கூட அஞ்சு வேளிர் (குறுநில மன்னர்கள்)னு ஏழு பேரை ஒரே போர்ல ஜெயிச்சவர், அதுவும் சின்னப் பையனா இருக்கும்போதே. புறம் 77ல இடைக்குன்றூர் கிழார் பாடுறார், குழந்தைங்க போடுற கிண்கிணிச் சலங்கையைக் கழட்டின கால்ல இப்பதான் வீரர்கள் போடுற கழல் கட்டியிருக்கான், சின்னப் பிள்ளைங்க போடுற தாலியை இன்னும் கழட்டவே இல்ல, பால்குடி விட்டு இன்னைக்குத்தான் சோறு சாப்பிட்டிருக்கான்னு. படிக்கும்போதே சிலிர்க்கும்.

பதில் 4:
திராவிட இயக்கத்துல இந்தப் பேருக்கு மறுபடி உயிர் வந்துச்சு, நாராயணசாமியா இருந்தவர்தான் நாவலர் நெடுஞ்செழியன் ஆனார், அவர் தம்பி இரா. செழியன் எம்.பி.யா இருந்தவர். ஒண்ணே ஒண்ணு, பர்த் சர்டிபிகேட்ல இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, ழ வர்ற பேரை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க, அப்புறம் ஆதார்லயும் ஸ்கூல்லயும் வேற வேறயா இருந்தா மாத்த அலையணும்.