புதுப்பிப்பு: அம்மாவோடு டெர்பிஷயரில் நடந்துவிட்டு வந்தோம்

முழங்கால் வலி உள்ள அம்மாவை இங்கிலாந்தின் டெர்பிஷயரில் எங்கே நடக்கக் கூட்டிப் போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். மான்சல் டிரெயில் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. போய் வந்துவிட்டோம்.

1968-ல் மூடிய ரயில் பாதை அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, பேக்வெல் ஊரில் இருந்து 8.5 மைலுக்கு நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றமே தெரியவில்லை. சுரங்கங்களை 2011-ல்தான் திறந்துவிட்டார்கள். ஹெட்ஸ்டோன் சுரங்கத்தில் நுழைந்ததும் சட்டென்று குளிர், எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். அம்மா என் கையை விடவே இல்லை. வெளியே வந்தால் நேராகப் பாலம்! கீழே வை ஆறு, இரண்டு பக்கமும் பச்சைச் சரிவு. கைப்பிடிச் சுவரில் சாய்ந்தவர் அரை மணி நேரம் அசையவில்லை.

மூட்டுவலிக்காரர்கள் பாதைக்கு மேலே இருக்கும் மான்சல் ஹெட் என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு இறங்க வேண்டாம், இறக்கம் செங்குத்து. நாங்கள் பழைய ஹாசப் ஸ்டேஷனில் தொடங்கினோம். அங்கே காபிக்கடையும் இருக்கிறது.

மறுநாள் நான் மட்டும் மாம் டோர் மலை ஏறினேன், 517 மீட்டர். உச்சியை விட அடிவாரம்தான் கண்ணிலேயே நிற்கிறது. மலை சரிந்து சரிந்து, 1979-ல் கைவிட்ட சாலை. மேலே மேலே போட்ட தார் அடுக்குகள் பிளந்து கிடக்கின்றன, நடுவில் புல். அவசியம் பாருங்கள்.

டவ்டேல் பள்ளத்தாக்கில் ஆற்றைக் கற்கள்மேல் கால்வைத்துத் தாண்டுவது மட்டும் பாக்கி. மழை விடவில்லை.