பதில்: புது டெக்குக்கு எண்ணெயா, வார்னிஷா?

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிரிஸ்பேன் மாப்பிள்ளை போன வாரம் கேட்டிருந்தார்: கொல்லைப்புறத்தில் மெர்பாவ் என்ற செந்நிறக் கடின மரத்தில் புது டெக் (வீட்டை ஒட்டிய திறந்தவெளிப் பலகைத் தளம்) போட்டாயிற்று, மேலே வார்னிஷ் அடித்துவிடலாமா மாமா என்று. வேண்டாம் மாப்பிள்ளை. அந்தத் தப்பை மெல்பர்னில் நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன்.

என் முதல் டெக் பைன் மரம். கடையில் கைகாட்டிய வார்னிஷை மூன்று பூச்சு அடித்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது. இரண்டாவது கோடையில் பாம்புச் சட்டையாக உரிந்தது. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே ஏடாகப் படிந்த வார்னிஷ் அதற்கு ஈடு கொடுக்காது. ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே போன ஈரம் ஏட்டையே தூக்கிவிடும். அதற்கு மேல் ஒட்டுப்போட வழியில்லை, முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டும். நான்கு நாள் முட்டி போட்டுத் தேய்த்தேன். உங்கள் அத்தை அப்போது பேசியதை இங்கே எழுத முடியாது.

எண்ணெய் அப்படியல்ல. மரத்துக்குள் ஊறும், நாளடைவில் மங்குமே தவிர உரியாது. மங்கினால் கழுவிக் காயவிட்டு இன்னொரு பூச்சு, அவ்வளவுதான். நம் கரையில் மரப்படகுக்கு மீனெண்ணெய் தடவுவார்களே, அதே கணக்கு. ஆனால் நிறமில்லாத எண்ணெயை வாங்கிவிடாதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர், மரநாரைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பதால்தான் பலகை நரைக்கிறது. எண்ணெயில் கலந்த நிறமிதான் அதற்குக் குடை. பிரிஸ்பேன் வெயிலுக்குக் குடை இல்லாமல் ஆகாது.

மெர்பாவுக்கு இன்னொரு குணம் உண்டு. புதுப் பலகை சாயம் கக்கும். முதல் மழையில் என் இரண்டாவது டெக்கிலிருந்து வழிந்த செந்நீர், பக்கத்து வீட்டு சிமெண்ட் தரை வரை போய்விட்டது. அவர் நல்ல மனிதர். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த டெக் கழுவி வாங்கித் தேய்த்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஆகவே அவசரப்படாமல் சில வாரம் மழையும் வெயிலும் படவிடுங்கள், அல்லது அந்தக் கழுவியால் இரண்டு முறை அலசிவிடுங்கள். பிறகு பலகையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். உறிஞ்சிக்கொண்டால், நன்றாகக் காயவிட்டு எண்ணெய் பூசலாம்.

தேய்ப்பதற்கு இரும்பு நார் மட்டும் கூடாது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுத்துப்போகும் என்று பாட்டி சொல்வாரே, மெர்பாவில் இருப்பதும் அதே துவர்ப்புச் சத்துதான். நாரிலிருந்து உதிர்ந்த ஒவ்வொரு இரும்புத் துணுக்கும் கரும்புள்ளியாக நிற்கும். திருகாணியும் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும்.

காலை வெயில் ஏறுமுன் பூசுங்கள். சுடும் பலகையில் எண்ணெய் ஊறுவதற்குள் மேலேயே காய்ந்து பிசுபிசுக்கும். மெல்லிய இரண்டு பூச்சு போதும். ஊறாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். பலகையின் வெட்டு முனைகளை மறக்க வேண்டாம், தண்ணீரை அதிகம் குடிப்பது அவைதான். இன்னும் பலகை அடிக்காதவர்கள் அடிப்பக்கத்துக்கும் இப்போதே ஒரு பூச்சு கொடுத்துவிடலாம். பிறகு படுத்துத்தான் பூச வேண்டும்.

கடைசியாக, துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்றவை உலரும்போது சூடு பிறக்கும். குவிந்த துணியில் அது வெளியேறாமல் தானாகவே தீப்பற்றிக்கொள்ளலாம். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்து, விறைத்த பிறகு எறியுங்கள்.

டப்பா வாங்குமுன் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் மாப்பிள்ளை, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மெல்பர்ன் மாமா