இறால் இரத்தத்தில் லெக்டின் சோதனை: வழிகாட்டுதல் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவின் நிபோங் திபாலில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் சிலரின் பெற்றோர் இறால் குளங்களில் வேலை செய்வதால், இறாலின் இயல்பான நோய் எதிர்ப்பையே இவ்வாண்டு ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டோம்.

மீனுக்கு, சர்க்கரைகளைப் பற்றும் புரதமான லெக்டினோடு எதிர்ப்பொருள்களும் (antibodies) உண்டு. இறாலுக்கு எதிர்ப்பொருள்கள் இல்லை. கிருமியின் மேற்பரப்பிலுள்ள மேனோஸ் போன்ற சர்க்கரைகளை அடையாளம் கண்டு, கிருமிகளை ஒன்றோடொன்று பிணைத்து, இரத்த அணுக்கள் விழுங்குவதற்கு ஏதுவாக்கும் லெக்டின் புரதங்கள் அதற்கு முக்கியமான காவல். 1888இல் ஸ்டில்மார்க் என்ற ஆய்வாளர் ஆமணக்கு விதையில் கண்ட, சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்யும் பொருளும் இவ்வகையைச் சேர்ந்ததே என்றபோது, வீட்டில் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முகம் மலர்ந்ததைக் காண நிறைவாக இருந்தது.

சிக்கல் இதுதான். நடைக்காலின் அடியிலிருந்து எடுத்த இளநீல இரத்தம் ஊசிக்குள்ளேயே கூழாக உறைந்துவிட்டது. அடுத்த முறை உறைவைத் தடுக்கும் சிட்ரேட் சேர்த்தோம். இரத்தம் உறையவில்லை, ஆனால் லெக்டின் செயல்பட்டால் திரள வேண்டிய, சோதனைக்காகச் சேர்த்த முயலின் சிவப்பணுக்களும் திரளாமல் குழித்தட்டின் அடியில் சிறு பொட்டாக இறங்கிவிட்டன. சி வகை லெக்டின்கள் சர்க்கரையைப் பற்றுவதற்குக் கால்சியம் தேவை என்பதால், சிட்ரேட் அதைப் பிடித்துக்கொண்டதே காரணம் என்று கருதுகிறேன்.

கால்சியம் குளோரைடை மீண்டும் சேர்ப்பது சரியா, எந்த அளவில் சேர்ப்பது, அல்லது இரத்தத்தை உறையவிட்டுத் தெளிநீரை மட்டும் எடுப்பது நல்லதா என்பதை இத்தகைய சோதனையைச் செய்தவர்கள் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.